பழைய கிளப்பைப் பற்றி ஒரு கேள்வி

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். பக்கத்தில் இருப்பதை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற நிருபர்களெல்லாம் போய்விட்டார்கள். எங்கள் மீடியா பொறுப்பாளர் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். ரெக்கார்டரை அணைக்க வேண்டாம், ஓடட்டும். நீங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதும். இன்றைக்கு ஒருநாள் கேள்வி கேட்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் உங்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, தெரியுமோ என்னவோ. இருமல். கேள்வி கேட்பதற்கு முன்னால் ஒருதரம் இருமிக்கொள்வீர்கள். இரண்டாவது வரிசையில் அந்த இருமல் கேட்டதும் என் உதவிப் பயிற்சியாளர் மேசைக்கு அடியில் என் காலை மெல்ல மிதிப்பார். அடுத்து என்ன வரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். "சார், உங்க பழைய கிளப்பைப் பத்தி ஒரு கேள்வி."

நாங்கள் நாலு கோல் போட்டு ஜெயித்த அன்றும் அதுதான். எங்களில் ஒருவனைச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்ட பிறகு மிச்சமிருந்த பத்துப் பேரை வைத்துக்கொண்டு சேற்றில் புரண்டு சமன் செய்தோமே, அன்றும் அதுதான். பழைய கிளப் ஜெயித்திருந்தால் வருத்தமா என்பீர்கள், தோற்றிருந்தால் சந்தோஷமா என்பீர்கள். மறுகல்யாணம் செய்துகொண்ட ஒருவன் புது மனைவியோடு கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் ஒருவர் வழிமறித்து முதல் மனைவியின் உடம்பு சௌக்கியத்தை விசாரித்தால் எப்படி இருக்கும். நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்தக் கிளப் மேல எனக்கு எப்பவும் மரியாதை உண்டு. அவங்க நல்லா வரணும்." வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி, நான் வாயைத் திறப்பதற்குள் இதைச் சொல்லி முடித்துவிடுவாள். எனக்குச் சலித்துப்போய்விட்டது. வேலை ஒன்று செய்கிறோம், அதை யாரும் பார்ப்பதில்லை என்ற சலிப்பு மனிதனை உள்ளுக்குள் அரித்துவிடும்.

என்னை அந்தக் கிளப்பிலிருந்து எப்படி அனுப்பினார்கள் என்று நீங்கள் பலமுறை எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுகூடச் சரியில்லை. அப்போது நான் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து படுத்திருந்தேன். சுவரில் இருந்த டி.வி.யைப் பார்த்துவிட்டு டாக்டர்தான் சொன்னார், "உங்களைத் தூக்கிட்டாங்க போலிருக்கே சார்." வாய் நிறையப் பஞ்சு. என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டாம் டிவிஷனில் கிடந்த கிளப்பை மேலே கொண்டுவந்தவன் நான். அந்த மைதானத்தில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். போகட்டும். அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

என் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அதற்காகத்தான் உங்களை இருக்கச் சொன்னேன்.

அவரை நான்தான் கண்டெடுத்தேன். டிஃபென்ஸின் நடுவில் நிறுத்தினேன், கேப்டன் ஆக்கினேன், கடைசியில் என் மகளையும் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் தானாகவே உண்டாயிற்று. மைதானத்துக்குள் அவர் என்னை "கோச்" என்பார், நான் "டேய்" என்பேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவர் "மாமா" என்பார், நான் "வாங்க மாப்பிள்ளை" என்பேன். ஒருநாளும் இரண்டும் கலந்ததில்லை. நான் வெளியேறிய பிறகு முதல்முறை இரண்டு அணிகளும் மோதியபோது, மைதானத்துக்குப் போகும் நடைவழியில் எல்லோர் எதிரிலும் என்னை "மாமா" என்று கூப்பிட்டார். கோச் என்று கூப்பிட அவருக்கு இப்போது இன்னொருவர் இருந்தார்.

அதற்குச் சில நாள் முன்பு நீங்கள் அவரிடம் என்னைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "இப்பதான் டிரெஸ்ஸிங் ரூம்ல மூச்சு விட முடியுது" என்று அவர் சொன்னதை நீங்கள் தலைப்பிலேயே போட்டீர்கள். மறுநாள் அவர் என் வீட்டுக்கு வந்து, வெளையாட்டாச் சொன்னதுங்க மாமா என்று விளக்கினார். எனக்குப் புரிந்தது என்றேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தப் பருவத்தின் இரண்டாவது மோதலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் மகள் தனியாக வந்தாள். வந்ததும் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். அவள் அம்மா வெளியே போயிருந்தாள். பயிற்சியில் இன்னொருவரின் தலையோடு மாப்பிள்ளையின் தலை மோதியிருக்கிறது. எழுந்து ஆடியிருக்கிறார். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்திருக்கிறார். மறுநாள் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று அவளிடம் கேட்டிருக்கிறார்.

அவர் கிளப்பின் பரிசோதனையில் எப்படித் தேறினார் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் இது தெரியாமலிருக்கலாம், சொல்கிறேன். பருவம் தொடங்கும் முன்பு ஒவ்வொரு ஆட்டக்காரரையும் கணினி முன்னால் உட்காரவைத்து ஞாபகசக்தியையும் வேகத்தையும் சோதிப்பார்கள். பிறகு தலையில் அடிபட்டால் அதே சோதனையை வைத்து, பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதல் சோதனையில் வேண்டுமென்றே மந்தமாகச் செய்துவைப்பார்கள். பின்னால் அடிபட்டு உண்மையிலேயே மந்தமானாலும் வித்தியாசம் தெரியாது. இதை என் ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நல்ல ஆட்டக்காரனைக் கணினி ஆடவிடாமல் உட்காரவைப்பது எனக்குப் பிடிக்காது. மாப்பிள்ளை ஒரு பாடத்தைக் கேட்டால் மறக்க மாட்டார்.

வெளியில் ஒரு டாக்டரிடம் அவரை இழுத்துப் போயிருக்கிறாள். ஆறட்டும், அதற்குள் தலையில் இன்னொரு அடி பட்டால் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்று அந்த டாக்டர் கையை விரித்திருக்கிறார். மாப்பிள்ளையோ இந்த ஆட்டத்தில் மட்டும் ஒதுங்க மாட்டேன் என்கிறார். மாமனாருக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டான் என்று நீங்களெல்லாம் எழுதுவீர்களாம். பந்தைத் தலையால் தொடமாட்டேன், காலாலேயே சமாளித்துக்கொள்கிறேன் என்று அவள் தலைமேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறார்.

"அவர் சொன்னா சொன்னதுதான்ப்பா. இருந்தாலும் எனக்குப் பயமா இருக்கு. அந்த கிளப் டாக்டர் உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே. நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், அவரை உக்கார வச்சிடுவாங்க."

"நான் பாத்துக்கறேன்மா" என்றேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, அம்மாவுக்காகக் காத்திருக்காமல் கிளம்பினாள். வெகுநாள் கழித்து அவள் நிம்மதியாகப் போனதாக எனக்குத் தோன்றியது.

அந்த டாக்டரின் எண் என் கைபேசியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். யோசித்துப் பாருங்கள், எதிரணியின் கேப்டனை ஆட்டத்துக்கு முன்னால் உட்காரவைக்கச் சொல்லி மறு அணிப் பயிற்சியாளர் போன் செய்வது என்ன முறை? நாளைக்கு அது வெளியே வந்தால் நீங்கள் என்னைச் சும்மா விடுவீர்களா? ஒரு பயிற்சியாளர் தன் அணியின் காரியத்தைத்தான் பார்க்க வேண்டும். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். அன்று எங்கள் பையன்களுக்கு இரண்டு ஓரங்களிலிருந்தும் கோல் வாசலுக்கு உயரமாகப் பந்தைத் தூக்கி கிராஸ் போடுவதைப் பழக்கினேன். அதில் விதிமீறல் எதுவும் இல்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் இதே அறையில் பத்திரிகையாளர் சந்திப்பு. இதே மேசை, பின்னால் இதே விளம்பரத் திரை. பழைய கிளப் பற்றிய பேச்சு வந்தது. நான் பதில் சொன்னேன். அதை நீங்கள் எல்லோரும் எழுத்துப் பிசகாமல் போட்டீர்கள், அதற்கு நன்றி. "என் மாப்பிள்ளை நல்ல பிளேயர். மத்தவங்க காலை வைக்கப் பயப்படற எடத்துல அவர் தலையை வைப்பார். அது என் காலத்துல. இப்ப பந்து உயரமா வந்தா தலையை இழுத்துக்கறார். குடும்பஸ்தர் ஆயிட்டார், பாவம். நான்தான் பொண்ணைக் கொடுத்துக் கெடுத்துட்டேன்."

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆட்டம் நடக்கும் நாள் காலையில் அது எல்லா இடத்திலும் இருந்தது. தலையை இழுக்கும் மாப்பிள்ளை என்று படம்கூடப் போட்டுப் பரப்பினார்கள்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அடிபட்ட பிறகு அவர் ஆடிய ஒரே ஆட்டத்தின் பதிவை நான் பார்த்திருந்தேன். உண்மையிலேயே தலையை இழுத்துக்கொண்டுதான் இருந்தார். ஓர் ஆட்டக்காரரை அவர் மனைவியைவிட நன்றாகத் தெரிந்தவர் அவருடைய பழைய பயிற்சியாளர். அவரை எது கிளப்பும், எது அடக்கும் என்று எனக்குத் தெரியும். திட்டினால் சிரிப்பார். அடித்து ஆடினால் ஒதுங்கிக்கொள்வார். கோழை என்ற ஒரு சொல்லை மட்டும் அவரால் விழுங்க முடியாது. மனைவிக்குக் கொடுத்த வாக்கு அந்தச் சொல்லுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று நான் கணக்குப் போட்டேன். ஆட்டத்தின் பாதிவரை தாங்கும் என்று நினைத்தேன்.

அப்படியே நடந்தது. முதல் பாதியில் உயரமாக வந்த பந்துகளையெல்லாம் விட்டுவிட்டுக் காலாலேயே சமாளித்தார். ஒவ்வொரு முறையும் எங்கள் ரசிகர்கள் தலையைக் கையால் மூடிக்கொண்டு ஊளையிட்டார்கள். அதில் அவர் அணி ஒரு கோலும் வாங்கியது, அவர் விட்ட பந்தில்தான். இடைவேளைக்குப் பிறகு எங்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே வந்து நின்று என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கையால் என் தலையை ஒருதரம் தட்டிக் காட்டினேன்.

அடுத்த கார்னரில் எல்லோரையும்விட உயரமாக எழும்பினார். தலையால் அடித்தார், சுத்தமான ஹெட்டர். பந்து பாதி மைதானத்தைத் தாண்டிப் போயிற்று. யாரும் அவரை இடிக்கவில்லை, ரெஃப்ரி விசில் ஊதக்கூட இல்லை. இறங்கியவர் நாலடி நடந்து, மண்டியிட்டு, பக்கவாட்டில் சாய்ந்தார். ஆட்டம் ஒரு நிமிடம்போல் அவரை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தது. முதலில் ஓடிப்போனவன் நான். அந்தப் புகைப்படத்தை நீங்கள்தான் முதல் பக்கத்தில் போட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்கவே இல்லை. லீக்கிலிருந்து விசாரித்தார்கள், பரிசோதனை மதிப்பெண்கள் ஒழுங்காக இருந்தன, யார் மேலும் குற்றமில்லை என்று முடித்துவிட்டார்கள். என் மகள் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். அந்தக் கிளப் டாக்டரிடம் சொன்னீர்களா அப்பா என்று ஒரே ஒருமுறை கேட்டாள். சொன்னேன்மா, மாப்பிள்ளைதான் பிடிவாதமாக ஆடியிருக்கிறார் என்றேன். அவள் அதை நம்பினாள். என் தோளில் சாய்ந்துகொண்டு, அவர் எப்பவுமே அப்படித்தான்ப்பா, உங்க பேச்சையாவது கேட்டிருக்கலாம் என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை. அவர் மாதிரி ஒரு டிஃபெண்டர் இனி எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். நீங்கள் என்னைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தேன். விதியின் விளையாட்டு, துயரத்தில் உறைந்த மாமனார் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். இத்தனை வருஷம் என் வேலையைப் பார்க்கிறீர்கள், இதிலும் விதிதான் தெரிந்ததா? ஒருவரை எங்கே நிறுத்தினால் என்ன செய்வார் என்று முன்கூட்டியே பார்ப்பதுதானே என் தொழில். நான் ஜெயித்தபோதும் பழைய கிளப்பைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போது வந்தும், அவர்கள் மறுபடி கூப்பிட்டால் போவீர்களா என்று கேட்கிறீர்கள். எனக்கு வெறுத்துப்போய்விட்டது. நான் செய்ததை நான்தான் செய்தேன் என்று ஒருவருக்காவது தெரிய வேண்டும். அவரைக் கொன்றது நான்.

ஆனால் உங்கள் பங்கையும் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். வாரந்தவறாமல் அதே கேள்வியைக் கேட்டு என்னைக் கிண்டிக்கொண்டே இருந்தது நீங்கள். நீங்கள் கேட்டீர்கள், நான் பதில் சொன்னேன். கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பதில் என் வாய்க்குள்ளேயே கிடந்திருக்கும்.

தலையை ஆட்டுகிறீர்கள். ஏதோ சொல்ல வருகிறீர்கள், தெரிகிறது. வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று சந்திப்பு தொடங்கும் முன்பு மீடியா அம்மா உங்களையெல்லாம் தனியாகக் கேட்டுக்கொண்டார். மாமனாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரே நிற்கிறார்கள், பழைய கிளப்பைப் பற்றி இந்த ஒருமுறை மட்டும் விட்டுவிடுங்கள் என்று. நீங்களும் சரி என்றீர்கள். நான் காத்திருந்தேன். நீங்கள் இருமினீர்கள். மழை வந்தால் ஆட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொன்னேன். எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துகொண்டிருந்தீர்கள். அப்போது நான்தான் மைக்கைத் திரும்பவும் என் பக்கம் இழுத்து, "என்ன, இன்னிக்கு பழைய கிளப்பைப் பத்தி யாரும் கேக்கலையே" என்றேன்.