ஆறாத தையல்

சுதர்ஷினி: அதாண்ணே எனக்குப் புரியல. ஒரே நாள்ல மூணு பேருக்குக் குடலிறக்க ஒப்பரேஷன். மத்த ரெண்டு பேரும் தையல் ஆறி, வேலைக்கே போயிட்டாங்க. உங்க தையல்ல மட்டும் சீழ் வடியுது...

ஆண்டியப்பன்: என் நேரம், நர்ஸ் மிஸ்ஸி. கட்ட மாத்திவிட்டீங்கன்னா வீட்டுக்கு ஓடிருவேன். அடுத்த கெழமை தோட்டத்துல காமன் கூத்து. நாந்தான் ரதி வேசம்.

காளியாயி: ஓடுவாராம்! கட்டில விட்டு எறங்கவே பொண்டாட்டி என் தோளு வேணும்.

சுதர்ஷினி: போன தடவ குடுத்துவிட்ட மாத்திரைய...

ஆண்டியப்பன்: முழுங்கிட்டேன்! ஒண்ணு விடாம!

சுதர்ஷினி: கத்தாதீங்க, தையல் பிஞ்சிரும். நீங்க தோட்டத்துல புல்லுக்கு மருந்து அடிக்கிற ஆளுதானே?

ஆண்டியப்பன்: அதுல நம்மள மிஞ்ச ஆளில்ல.

சுதர்ஷினி: மருந்தக் கம்மியா கலந்து அடிச்சா என்னாகும்?

ஆண்டியப்பன்: ஐயோ! நோஞ்சான் புல்லு கருகும். மொரட்டுப் புல்லு தப்பிச்சு, வெதை போட்டு, மலை பூரா அதுவே நிக்கும். அப்பறம் அந்த மருந்துக்கு மசியவே மசியாது. வேலைய மேய்க்கிற கண்டாக்கு ஐயா நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிருவாரு.

சுதர்ஷினி: உங்க புண்ணுக்குள்ளயும் அதே கததான். சீழ எடுத்து லேப்புல வளத்துப் பாத்தாங்க. அந்த மாத்திரைய வச்சாலும் கிருமி அது பாட்டுக்கு வளருது.

ஆண்டியப்பன்: அடப்பாவி...

சுதர்ஷினி: அது கெடக்கட்டும். சேவலுக்குக் கால் வீக்கம் வத்திருச்சா?

ஆண்டியப்பன்: இப்ப நல்லா குதிச்சு ஓடுது, மிஸ்... எந்தச் சேவலு?

சுதர்ஷினி: உங்க மாத்திரையில பாதிய முழுங்குன சேவலு.

ஆண்டியப்பன்: ...சீழ்ல அது கூடவா தெரியும்?

சுதர்ஷினி: சொல்லுங்கண்ணே.

ஆண்டியப்பன்: வலி நின்னுருச்சு, மிஸ்ஸி. மிச்சத்த எதுக்கு வீணாக்கணும்... அதுவும் நொண்டுச்சு, பாவம்.

சுதர்ஷினி: இப்பக் கேளுங்க. இந்தக் கிருமி மசியுற மருந்து ஒண்ணு இருக்கு, லேப்புல பாத்துட்டாங்க. வார்டுலயே படுக்க வச்சு நரம்புல ஏத்தணும். இப்புடியே விட்டா கிருமி ரத்தத்துல ஏறி, உசுருக்கே...

ஆண்டியப்பன்: கூத்து முடிஞ்ச மறுநாளே வந்துர்றேனே! நான் இல்லாட்டி ரதி யாரு?

காளியாயி: நம்ம மவன் நிரஞ்சன்தான். சேலையும் சவுரியும் நேத்தே குடுத்துட்டேன். சேவல் கதைய மிஸ்ஸிக்குச் சொன்னதும் நாந்தான், மொறைக்காதீங்க. நீங்க மருந்த ஏத்துங்க, மிஸ்ஸி. கடைசி ஊசி போடுற வரைக்கும் இவரு இங்கதான் படுப்பாரு.