வளைந்த பைப்பை நேராக்கியவருக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் சுழலும் எந்திரத்தின் சூடும் சுருதியும் அறிந்த செம்மலே, கசிவு காணாத கைக்கும் கறை படியாத காக்கிச் சட்டைக்கும் சொந்தக்காரரே, டர்பைன் பிரிவின் மூத்த ஃபோர்மேன் திரு. சந்தனம் அவர்களே, வணக்கம்.

இதற்கு மேல் அடைமொழி அடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. மடல் எழுதப்போகிறோம் என்றதுமே, "மூஞ்சிக்கு நேரா நீங்க நீங்கன்னு புகழ்ந்தியன்னா, பாதியில எந்திரிச்சுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற ஆள். போட்ட மாலையோடு அவர் வாசலைத் தாண்டிவிட்டால் பந்தியை எப்படித் தொடங்குவது? ஆகவே இனி 'அவர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். வேறு யாரைப் பற்றியோ என்று நினைத்துக்கொண்டு அவர் நிம்மதியாகக் கேட்கலாம்.

தளவாய்புரத்திலிருந்து சைக்கிளில் வந்து உதவியாளராகச் சேர்ந்த நாள்முதல் நேர்த்தி ஒன்றுதான் அவருக்குச் சாமி. ஸ்பானர்கள் ஆணியில் உயரப்படி தொங்க வேண்டும், பைப்புகள் நூல் பிடித்தாற்போல ஓட வேண்டும். மில்லுக்கு மின்சாரம் தரும் கேஸ் டர்பைனைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தால், அந்த ஷிப்டில் இருந்தவனுக்குச் சோறு இறங்காது. இந்த நேர்த்திதான் ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது. பாராட்டு மடலில் இதை எழுதலாமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் வாதம் நடந்தது. இதை விட்டுவிட்டால் பாராட்டுவதற்குப் பெரிதாக வேறொன்றும் மிஞ்சாது என்று முடிவாயிற்று.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஆனி மாதத்தில், டர்பைனின் எண்ணெய் குறையத் தொடங்கியது. ஓடுகிற எந்திரம் கொஞ்சம் எண்ணெய் குடிக்கத்தான் செய்யும். ஆனால் மூன்று மாதம் வந்த ஒரு பேரல், அந்த ஆனியில் ஐந்து நாள்கூட வரவில்லை. டேங்கில் மட்டம் இறங்கினால் டர்பைன் தானாக நின்றுவிடும், அதோடு மில்லும் நிற்கும். ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அவர் தேடாத இடமில்லை. இணைப்புக்கு இணைப்பு முகப்பவுடர் தூவிப் பார்த்தார். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. எண்ணெயைக் குளிர்விக்கும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைத்தார். மேலே படலம் கட்டவில்லை. புகைபோக்கியில் நீலப் புகையும் இல்லை. கூட்டத்தில் மேலாளர் கேட்டபோது, "என் வேலையில கசிவு கிடையாது சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

கசிவு இல்லையென்றால் களவுதான் என்று மேலாளர் முடிவு கட்டினார். எண்ணெய்க் கிடங்குக்கும் டேங்கின் அடி வால்வுக்கும் சாவி தங்கச்சாமியிடம் இருந்தது. கூமாப்பட்டிக்காரர், பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று சாவியை அவரிடமே விட்டுவைத்தார்கள். கேட்டில் மட்டும் தினமும் அவருடைய தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஆடிப்பூரத் தேருக்கு மறுநாள் விசாரணை என்று ஓலை வந்தது. அதில் வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு வேலை தேடிக்கொள்ளலாம். எண்ணெய் திருடியவன் என்ற பெயரோடு கூமாப்பட்டி பஸ்ஸில் ஏறி உட்காருவதுதான் தங்கச்சாமியால் முடியாத காரியம். நம் ஃபோர்மேனும் அவரைச் சந்தேகித்தார். இதை அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

தேரன்று மில்லுக்கு விடுமுறை. ஊரே ஸ்ரீவில்லிபுத்தூரில் வடம் பிடித்துக்கொண்டிருந்தது. டர்பைன் மட்டும் குறைந்த பளுவில் ஓடியது, அவர் பக்கத்தில் இருந்தார். கட்டடத்துக்குக் கிழக்கே இருக்கும் செம்பருத்தி வேலிக்குத் தண்ணீர் விட வந்த வெள்ளத்தாய், இலையெல்லாம் பிசுபிசுவென்று தூசி ஒட்டிக் கிடக்கிறது என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார். முந்தின இரண்டு தடவையும் பூச்சியாக இருக்கும், மருந்து அடி என்று அனுப்பியவர் நம் ஃபோர்மேன்தான். அன்றைக்கும் அதையேதான் சொன்னார்.

"பூச்சி விடுற தேனுன்னா எறும்பு ஏறணும்லா அண்ணாச்சி. இம்புட்டு நாளா பாக்கேன், ஒத்த எறும்பக் காணோம்" என்றார் வெள்ளத்தாய்.

அதைக் கேட்டு நம் ஃபோர்மேன் போய் ஒரு இலையைப் பறித்துத் தேய்த்தார். மோந்து பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். கூரைக்கு மேலே டேங்கின் ஆவி வெளியேறும் வென்ட் பைப் நின்றது. மலையிலிருந்து வரும் ஆடிக் காற்று அதன் வாயில் அடித்துக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. முதலுதவிப் பெட்டியில் கிடந்த சத்திரப்பட்டிக் கட்டுத்துணியை எடுத்துக்கொண்டு ஏறிப் போய் அதன் வாயில் கட்டினார். அரை மணி நேரத்தில் துணி சொட்டியது.

எண்ணெய் டேங்கில் எப்போதும் ஆவி எழும். டீமிஸ்டர் என்கிற பெட்டி அந்த ஆவியிலிருந்து எண்ணெயைப் பிரித்துத் திரும்ப டேங்குக்கு இறக்கிவிட்டு, காற்றை மட்டும் ஒரு விசிறியால் கூரைக்குத் தள்ளும். எண்ணெய் இறங்கும் பைப்பில் யு போல ஒரு வளைவு உண்டு. அதில் தேங்கி நிற்கும் எண்ணெய்தான் கதவு. அந்தக் கதவு இல்லாவிட்டால் விசிறி அவ்வழியாகவும் டேங்கின் காற்றை இழுக்கும். இறங்க வேண்டிய எண்ணெயும் காற்றோடு மேலே போய்விடும். வைகாசி ஷட்டவுனில் அந்த வளைவை வெட்டி எடுத்துவிட்டு நேராக ஒரு பைப்பை வைத்தவர் நம் ஃபோர்மேன். போகிறவர் வருகிறவர் முழங்காலில் இடிக்கிறது, பார்க்கவும் கோணலாக இருக்கிறது என்பது காரணம். அழகான வெல்டிங். இன்றுவரை அதில் ஒரு சொட்டு கசிந்ததில்லை.

வெட்டிய வளைவு பழைய இரும்புக் குவியலில் அப்படியே கிடந்தது. டர்பைனை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரத்தில் அதைத் திரும்ப வைத்திருக்கலாம். பார்க்க ஆளில்லை. எண்ணெய் குறைவது நின்றிருக்கும். மறுநாள் தங்கச்சாமி போயிருப்பார். அவர் போனதும் எண்ணெய் குறைவது நின்றதே என்று அதுவே சாட்சியாகியிருக்கும். அந்த வளைவை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். கோணலைக் கண்டால் பொறுக்காத கை, பிழையைக் கண்டும் சும்மா இருந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது என்று பின்னால் சொன்னார்.

மறுநாள் விசாரணை அறைக்குள் யாரும் கூப்பிடாமலே போனார். மேசைமேல் எண்ணெய்த் துணியையும் வளைவையும் வைத்தார்.

"எண்ணெய வெளிய விட்டது நான் சார். தங்கச்சாமி இல்ல."

மேலாளரைக் கூரைக்கு ஏற்றிக் காட்டிய பிறகுதான் வளைவைப் பழைய இடத்தில் வைத்தார். நடந்ததை லாக் புத்தகத்தில் தன் கையாலேயே எழுதினார். பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

தங்கச்சாமி அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நியாயம்தான். இதற்கிடையில் அந்த வளைவில் ஒரு தகரத் தகடு தொங்கியது: "இந்த வளைவை யாரும் நேராக்க வேண்டாம். நேராக்கியவன், சந்தனம்." ஐப்பசியில் ஒருநாள் தங்கச்சாமி வந்து அதை இரண்டு தடவை படித்தார். "எண்ணெ பட்டா எழுத்து அழிஞ்சிரும். வார்னிஷ் அடிக்கணும்" என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. கிடங்கிலிருந்து வார்னிஷ் எடுத்துவந்து அவரே அடித்தார். அதிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் அடிக்கிறார்.

ஓய்வு பெறுகிறவருக்கு மரியாதையாக அந்தத் தகட்டைக் கழற்றிவிடலாம் என்று போன வாரம் நாங்கள் சிலர் ஸ்பானரோடு போனோம். தங்கச்சாமி குறுக்கே வந்து நின்றார்.

"அதக் கழத்தாதிய. எம் பேரக் காப்பாத்துனது அந்தப் பேருதான்."

ஸ்பானரை ஆணியில், உயரப்படி, மாட்டிவிட்டுத் திரும்பினோம்.

அண்ணாச்சி, இனி நேருக்கு நேராகவே சொல்லிவிடுகிறோம், எந்திரிக்க வேண்டாம். நோயும் நொடியும் அண்டாமல், வீட்டாரோடும் உற்றாரோடும் நூறாண்டு நிறைந்து வாழ்க. வீட்டில் எதுவும் கோணலாகத் தெரிந்தால் அவசரப்பட்டு நிமிர்த்திவிடாமல் ஒரு ஆடிக் காற்றுவரை பொறுத்துப் பாருங்கள்.

இங்ஙனம்,
டர்பைன் பிரிவுப் பணியாளர்கள்

மடலைக் கேட்டு வாங்கி வாசித்தவரும் முதல் கையெழுத்து இட்டவரும்:
தங்கச்சாமி,
எண்ணெய்க் கிடங்குப் பொறுப்பாளர்