ஒட்டுசுட்டானில் நின்ற இரும்பு மனிதன்

"ஹலோ… ஹலோ, ஸ்ரனிஸ்லஸ் மச்சானே? … ஓம், வினோதன். வவுனியாவில இருந்து. … ஓம் ஓம், எல்லாரும் சுகம். … இல்லை மச்சான், சுகமில்லை. றோஸ்மேரியைப் பிடிச்சுப்போட்டாங்கள்."

தொலைபேசிக் கடையில் காத்திருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். வினோதன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மல்லாவியிலிருந்து வந்த மைத்துனி றோஸ்மேரியை இராணுவச் சோதனைச் சாவடியில் மறித்ததையும், அவளுடைய பையில் ஒரு கொப்பி அகப்பட்டதையும் லண்டனில் இருந்தவனுக்குச் சொன்னான்.

"உங்கட விளையாட்டுக் கொப்பி. … அதேதான், ஆன்சலாவின்ரை. இரும்பு மனுசர். … சிரிக்காதையுங்கோ மச்சான்."

ஆன்சலா வினோதனின் மனைவி, ஸ்ரனிஸ்லஸின் தங்கை. மூன்று வருடத்துக்கு முன் அண்ணன்காரன் அவளுக்கு அந்த விளையாட்டின் விதிகளை அனுப்பியிருந்தான். கட்டம் போட்ட ஒரு படம், அதில் நின்று சண்டை பிடிக்கும் இயந்திர மனிதர்கள், கடிதத்துக்கு ஒரு நகர்த்தல். ஆன்சலா கட்டங்களுக்கு இலக்கம் போடவில்லை. இடம்பெயர்ந்து தங்கிய ஊர்களின் பெயர்களைப் போட்டிருந்தாள்.

"ஒட்டுசுட்டானில ஜாமர் எண்டு எழுதியிருக்கு. மல்லாவியில ஏவுகணையைச் சுட்டு விழுத்திற துவக்கு, பன்னிரண்டு வெடி மிச்சம் எண்டு கிடக்கு. விளையாட்டு எண்டு ஆர் நம்புவான்?"

ஏவுகணை என்ற சொல் வெளியே வந்ததும் கடைக்காரர் கனகலிங்கம் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஐந்து மணிவரை அதிகாரி தவணை தந்திருப்பதாக வினோதன் சொன்னான். அதற்குள் ஆதாரம் வராவிட்டால் றோஸ்மேரியைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள்.

"தமிழ் நல்லா வாசிக்கிறான் மச்சான். ஏவுகணை குறி தேடி வருமாம், ஜாமர் போட்டால் குருடாகுமாம், சரி, குருடானது பிறகு எங்கை போகும் எண்டு கேட்டான். … தாயக்கட்டை உருட்டிப் பாக்கிறது எண்டன். வேறை என்ன சொல்ல? … ஓம். அதையும் எழுதி எடுத்தான்."

குருடானதும் எங்கேயோ விழத்தான் செய்யும். மாசி மாதம் ஆன்சலாவின் மேல் விழுந்த எறிகணை யாரையும் தேடி வந்ததல்ல.

ஸ்ரனிஸ்லஸுக்கு அது தெரியாது. அவனுடைய அகதி வழக்கு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று மாமி, ஆன்சலாவின் தாய், கேட்டிருந்தா. வழக்கு ஆவணியில் முடிந்துவிட்டது. வினோதன் நிறுத்தவில்லை. மனைவியின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து அவள் பெயரிலேயே நகர்த்தல்களை அனுப்பினான். பதில் வரும்போது உறையின் மேல் அவள் பெயர் இருக்கும். வேலைக்காக வவுனியா வந்தபிறகு, அடுத்த நகர்த்தலுக்கு வேண்டுமென்று கொப்பியைக் கொண்டுவரச் சொன்னவனும் அவன்தான்.

"விதிப் புத்தகத்தின்ரை அட்டை, ஏவுகணைத் தடுப்பு விதி இருக்கிற பக்கம், அவளின்ரை கடிதங்கள். எல்லாத்தையும் உங்கட வீட்டுக்குக் கீழ இருக்கிற கடையில இருந்து பக்ஸ் பண்ணுங்கோ. நம்பர் எழுதுங்கோ."

இலக்கத்தை இரண்டு தரம் சொன்னான்.

"… இல்லை, அவள் வந்து சொல்லேலாது. … வீட்டில இல்லை. … மாமியோடையும் இல்லை. … மச்சான், கொஞ்சம் பொறுங்கோ."

கொப்பியில் இரண்டு கையெழுத்து இருந்தது; அதில் மட்டும் வினோதன் தன் எழுத்திலேயே குறித்து வந்திருந்தான். இரண்டாவது யாருடையது என்ற கேள்விக்கு றோஸ்மேரி இரண்டு நாளாய்த் தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வினோதனின் பெயரைச் சொன்னால் அவனையும் உள்ளே போடுவார்கள். கடிதங்கள் முழுக்க ஆன்சலாவின் எழுத்தில் வந்து இறங்கினால் அதிகாரி கொப்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான்; இரண்டாவது ஆள் எங்கே என்று கேட்பான்.

"ஒன்பதாம் கடிதம் வரைக்கும் அவள் எழுதினது. பத்தில இருந்து நான். … நான்தான், அவளின்ரை எழுத்து மாதிரி. அதைப் பிரிச்சு, என்ரை பேரையும் போட்டு, உங்கட கையால எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவேணும். … ஏனெண்டால் அவள் இல்லை மச்சான்."

வானொலியில் யாரோ பிறந்தநாள் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"… மாசி. … ஓம். … ஓம், எறிகணை. … உடனை. நோகேல்லை எண்டுதான் சொன்னவை. … மாமியை ஏசாதையுங்கோ, பிறகு மறைச்சது நான். … … எந்த நகர்த்தல்? ஜாமரைக் கொண்டுபோய் அடிபட்ட இரும்பு மனுசனுக்குப் பக்கத்தில விட்டதோ? … அது அவள். உங்கட ஏவுகணையைக் குருடாக்கினது அவள்தான். … பிறகு தோத்ததெல்லாம் நான்."

மணிக்கூட்டில் நாலே கால். கனகலிங்கம் தொலைநகல் இயந்திரத்தையும் வினோதனின் கையிலிருந்த தொலைபேசியையும் மாறி மாறிக் காட்டினார். இரண்டுக்கும் ஒரே கம்பிதான்.

"மச்சான். … மச்சான், கேளுங்கோ. இங்கை ஒரு லைன்தான். நான் வைச்சால்தான் பக்ஸ் வரும். … ஓம். … ஓம், தெரியும். அழுங்கோ. ஆனால் கீழ இறங்கிப்போய் அழுங்கோ. … இல்லை, இனி ஒண்டும் சொல்லேலாது. நான் வைக்கிறன்."

அந்தப் பக்கத்து அழுகை ஓயவில்லை. வினோதன் வைத்தான்.