பெயர் ஒட்டாத டப்பா

முகம் கழுவியதும் துண்டைப் போட்டுத் தேய்க்கக் கூடாது, மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். பதினான்கு வருடங்களாக என் அழகு நிலையத்துக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கிரீமை மட்டும் வேளை தவறாமல் பூசுவார்கள்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நீங்கள் கேட்பதும் அந்தக் கிரீமைப் பற்றித்தான். சாதாரணக் கிரீமில் ஒரு பொடியைக் கலந்து, பெயர் ஒட்டாத வெள்ளை டப்பாவில் அடைத்துக் கொடுப்பேன். பொடியில் பாதரசம் இருக்கிறது என்று விற்றவர் சொல்லித்தான் கொடுத்தார். மூன்று வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தினால் முன்பைவிடக் கறுக்கும், அதனால் யாரும் நிறுத்துவதில்லை. நான் எதையும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் தங்கை இரண்டு வருடம் பூசினாள். நிலையத்தின் முன் மேசையில் அவள்தான் உட்காருவாள். வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குக் குடுத்ததையே எனக்கும் குடுங்க" என்பார்கள். "எங்கக்கா கை பட்டா கரிச்சட்டிகூடக் கண்ணாடி ஆயிடும்" என்று அவள் என்னைக் கிண்டல் செய்வாள். அவள்மேல் எனக்கு உயிர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் இமை வீங்கியது, பிறகு பாதம். "செருப்பு சுருங்கிப்போச்சுக்கா" என்று சிரித்தாள். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். "தினமும் என்னென்ன பூசறாங்களோ எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க. சோப்பு, ஷாம்பு, மை, ஒண்ணும் விடாதீங்க. டெஸ்டுக்கு அனுப்பணும்" என்றார். அவள் கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறவர். எனவே பையை நிரப்பப் போனது நான்தான்.

எல்லாவற்றையும் எடுத்தேன். வெள்ளை டப்பாவை விட்டுவிட்டால் அவளே "அது எங்கேக்கா?" என்று கேட்பாள். ஆகவே அதை வெந்நீரில் கழுவி, வெறும் கிரீமை நிரப்பிப் பையில் வைத்தேன். எதிலும் குற்றமில்லை என்று முடிவு வந்தது. "இதெல்லாம் தாராளமா போட்டுக்கலாம்மா" என்றார் டாக்டர்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். டாக்டர் பையைக் கேட்ட திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் பொடியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். புதன்கிழமை சொன்னால் டப்பாவைக் கழுவியதையும் சொல்ல வேண்டும். நாள் போகப் போகச் சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போனது. அவள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை, நான் பக்கத்து ஸ்டூலை விட்டு எழ முடியவில்லை. இருவரில் யார் அதிகம் மாட்டிக்கொண்டவள் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு.

பத்து நாளில் அவள் முகம் கறுத்தது. செல்போனில் பார்த்துவிட்டு அழுதாள். "இந்த மூஞ்சியோட அவர் முன்னாடி எப்படிக்கா இருப்பேன்? நம்ம கிரீமைக் கொண்டா. அதான் டாக்டரே போடலாம்னுட்டாரே."

டெஸ்டுக்குப் போன டப்பாவில் இருந்தது வெறும் கிரீம் என்று நான் எப்படிச் சொல்வேன்? புதிதாகக் கலந்தேன். அவள் விரல்கள் வீங்கியிருந்ததால் நானே காலையும் மாலையும் பூசிவிட்டேன். முகம் திரும்பத் தெளிந்தது, உடம்புக்குள் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோனது. பூச ஆரம்பித்த பத்தொன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். கேட்டாள், கொடுத்தேன். அவள் கேட்டு நான் எதையும் இல்லை என்றதில்லை.

நீங்கள் பூசிக்கொண்டதுண்டா என்கிறீர்கள். ஒரு நாளும் இல்லை. அவளுக்குப் பூசும்போதுகூடக் கையுறை போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரி சுத்தம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படியெல்லாம் இல்லை. என்னுடையது எதுவும் சட்டென்று ஒத்துக்கொள்ளாத தோல்.