நல்லதுன்னா லேசாக்கு

தொடாதம்மா, அது இன்னும் இறுகல. மெழுகு. உன் விரல் பட்டா ஒரு பல்லு சாஞ்சிரும், அப்புறம் அந்தப் பெரியவரு சிரிச்சா பக்கத்து வீட்டப் பாத்து சிரிக்கிற மாதிரி இருக்கும். ஆமா, பல்லு செட்டுதான். டாக்டருங்க வாயில அச்செடுத்து அனுப்புவாங்க, அதப் பாத்து நாங்க செஞ்சு குடுப்போம். இந்த லேப்ல எனக்குப் பேரே பல்லக்காதான். நீயும் அப்படியே கூப்பிடு. வெறும் அக்கான்னு கூப்பிட உனக்குக் கூச்சமா இருக்கு, தெரியுது. உன்னையக் கேட்டு வந்திருக்கிற மாப்பிள்ளையோட பழைய பொண்டாட்டிய எப்படிக் கூப்பிடறதுன்னு யாரு சொல்லிக் குடுப்பா?

உக்காரு, உக்காரு. எனக்குக் கோவமெல்லாம் இல்ல. நல்ல வழி காட்டச் சொல்லி இஸ்திகாரா தொழப்போறேன், அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுரலாம்னு வந்தேன்னு சொன்னியே, அப்ப இந்த மெழுகுல ஒரு பல்லு கோணிருச்சு, அவ்வளவுதான். இப்ப சரியாயிருச்சு. நான் வேல பாத்துக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காத. கை சும்மா இருந்தா எனக்கு வாய் ஓடாது.

என்னைப் பத்தி உன்கிட்ட என்ன சொன்னாங்க? சும்மா சொல்லு. ம்... பிடிவாதக்காரின்னா? அது அவரோட அக்கா சொல்லியிருப்பாங்க. பரவால்ல, நல்ல மனுஷிதான். தம்பி மேல உசிரு. அந்தக் கண்ணுக்கு வேற யாரும் சரியாத் தெரிய மாட்டாங்க, என்ன பண்றது.

சரி, அவரு எப்படின்னுதானே கேக்கற. நல்லத முதல்ல சொல்லிர்றேன், அதுதான் முறை. கை நீட்ட மாட்டாரு. குரல ஒசத்த மாட்டாரு. எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப அவங்க கால் மடியில வச்சு நகம் வெட்டி விட்டாரு. எந்த மருமகன் செய்வான் சொல்லு? லிஃப்ட் மெக்கானிக்குன்னு தெரியும்ல? அவரு வேல பாக்கறத நீ பாக்கணும். ஒரு வாட்டி சாப்பாடு குடுக்கப் போயிருந்தேன். ஏதோ ஆபீஸ் கட்டடம். லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிச்சு, உள்ள ஒரு பொம்பள கத்திக்கிட்டிருக்கு. இவரு எட்டிப் பாத்தாரு, டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டாரு, எறங்கிட்டாரு. ஒரு நொடி யோசிக்கல. அத விடு, இதப் பிடின்னு கூட இருந்தவன்கிட்ட சொல்லிக்கிட்டே போறாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. நம்மாளு இல்லன்னா இந்தக் கட்டடமே இன்னைக்கு அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தா அந்த ஆளு இருக்க மாட்டாரும்மா. அதுதான் விஷயம்.

எப்படிச் சொல்றது... எதையும் முடிவு பண்ண மாட்டாரு. வீடு மாத்தணும்னா தொழுதுட்டுச் சொல்றேம்பாரு. வேற கம்பெனியில கூப்பிட்டாங்கன்னா தொழுதுட்டுச் சொல்றேன். ஃபேன் ரிப்பேராயிப் புதுசு வாங்கணும், வேர்த்து ஊத்துது, அதுக்கும் தொழணும். சரி தொழுதாச்சு, என்ன தோணுதுன்னு கேட்டா, இன்னும் மனசு தெளியலம்பாரு. கோடை முடிஞ்சுது, மனசு தெளியல. நான் ஒரு விசிறிய வாங்கிட்டு வந்து அவரு கையில குடுத்தேன். சிரிச்சுட்டாரு. சிரிச்சா அவ்வளவு அழகா இருப்பாரு, கோவமே வராது. அதுவும் ஒரு கஷ்டம்தான்.

பக்கத்து டேபிள்ல ஒருத்தி வேல பாக்கறா பாரு, அவ நம்ம மார்க்கம் இல்ல, அவளுக்கு இதெல்லாம் தெரியாது. அது என்னக்கா இஸ்திகாரான்னு ஒரு நாள் கேட்டா. ரெண்டு ரக்அத் தொழுதுட்டு, யா அல்லாஹ், எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும், இது எனக்கு நல்லதுன்னா லேசாக்கு, கெட்டதுன்னா என்னைய விட்டுத் திருப்பிருன்னு கேக்கறதுன்னு சொன்னேன். அட, நல்லாருக்கேக்கா, பாரத்த எறக்கி வைக்கிற மாதிரின்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆமால்ல, எறக்கி வைக்கத்தானே அது. இவரு அதத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே நிக்கறாரேன்னு தோணுச்சு.

என்னது? எங்க கல்யாணத்துக்கா? தொழுதேனே. நான் தொழுதேன், எங்க பெரியம்மா கனவு கண்டாங்க. சிரிக்காத, நெசமாத்தான். எனக்கு ஒண்ணும் தெரியல, ஒரு கனவும் வரல, நல்லாத் தூங்கிட்டேன். பெரியம்மா கண்டுட்டாங்க, பச்சத் தோட்டம், தண்ணி ஓடுது, முடிச்சிரலாம்னாங்க. பெரியம்மா யாருக்குக் கண்டாலும் பச்சத் தோட்டம்தான் காண்பாங்க. எங்க சொந்தத்துல பாதிக் கல்யாணம் அந்தத் தோட்டத்துலதான் முடிஞ்சிருக்கு.

அப்புறம்தான் எங்களுக்கு ஓதிக்கொடுக்கிற ஆலிமா ஒருத்தங்க சொன்னாங்க. கனவு வந்தே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. விசாரிக்கணும், விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கலந்துக்கணும், நம்ம புத்திக்கு எது சரின்னு படுதோ அதுல எறங்கணும், எறங்கும்போது கேக்கணும். நல்லதுன்னா வழி விடுவான், இல்லன்னா அவனே தடுப்பான். அதுக்காகத்தான் உன்னையப் பாத்ததும் எனக்குக் கோவம் வரல. நீ முறையாத்தான் பண்ற. எனக்கு அன்னைக்கு யாரையும் போயிக் கேக்கணும்னு தோணல.

இரும்மா, இந்த வெளக்கக் கொஞ்சம் அணைச்சிர்றேன். மெழுகு உருகிரும்.

நான் எதுக்கு விட்டுட்டு வந்தேன்னு கேக்க உனக்கு வாய் வரல. கேட்டிருந்தாலும் தப்பில்ல. சொல்றேன்.

மாசமா இருந்தேன். நாள் நெருங்கிருச்சு. மத்தியானம், துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன், வயிறு கல்லு மாதிரி இறுகுது. கீழ பாத்தா ரத்தம். அவரு அன்னைக்கு வீட்டுலதான் இருந்தாரு. தூக்கிட்டு ஓடினாரு, அதுல ஒண்ணும் கொறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில வயித்துல மெஷின வச்சுப் பாத்த டாக்டரம்மா மூஞ்சி மாறிருச்சு. உள்ள நஞ்சுக்கொடி பிரியுது, குழந்தையோட துடிப்பு எறங்குது, உடனே கிழிச்சு எடுக்கணும், இல்லன்னா ரெண்டு பேருக்கும் ஆபத்து, என்ன சொல்றீங்கன்னாங்க. என்கிட்ட கேக்கல. அவரப் பாத்துக் கேட்டாங்க.

அவரு... அவரு அப்படியே நின்னாரும்மா. எனக்குக் கண்ணு சொருகுது, ஆனா அவரு மூஞ்சி தெரியுது. ஒதடு வெளுத்துருச்சு. கொஞ்சம் பொறுங்க டாக்டர், ரெண்டு ரக்அத் தொழுதுட்டு வந்துர்றேன்னாரு.

நான் கூப்பிட்டேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், அதுவரைக்கும் கூப்பிட்டதே இல்ல. திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு, போயிட்டாரு. அந்த மாடியில கடைசியில தொழ ஒரு ரூம் இருந்துச்சு.

நர்ஸுங்க ஒருத்தரையொருத்தர் பாத்துக்கறாங்க. வீட்டுக்காரரு வரட்டும்னு யாரோ சொல்றாங்க. அந்த நேரம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியல. சின்னதா இருந்திருக்கலாம். எனக்கு அது முடியவே இல்ல. அப்புறம் நான் அந்த டாக்டரம்மா கையப் பிடிச்சேன். வயிறு என்னோடது, புள்ள என்னோடது, நான் சொல்றேன், கிழிங்கன்னேன். உருட்டிட்டுப் போயிட்டாங்க.

அவரு தொழுதுட்டு வந்து, மனசு தெளிஞ்சிருச்சு, பண்ணச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்காரு. யாருகிட்ட? தரைய தொடச்சுக்கிட்டு இருந்த ஆயாம்மாகிட்ட. கட்டில் காலியாக் கெடக்கு. அந்தம்மாதான் பின்னாடி என்கிட்ட சொல்லிச்சு. தொழறதுக்குக் கை கால் கழுவி உளூ செஞ்ச ஈரம்கூட சட்டக் கையில காயலையாம்.

பொண்ணு. பொறந்தா. அழுதா, நான் கேக்கல, கேட்டவங்க சொன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்தா.

இல்லம்மா, தண்ணியெல்லாம் வேணாம். நீ குடி. உனக்குத்தான் மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு.

முன்னாடியே எடுத்திருந்தா பொழைச்சிருப்பாளான்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன். சொல்ல முடியாதுன்னாங்க. எடுத்திருந்தாலும் இதே ஆகியிருக்கலாம், ஆகாமயும் இருந்திருக்கலாம்னாங்க. அதனால அவருதான் காரணம்னு நான் உன்கிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா அது பொய்யாயிரும். அல்லாஹ் குறிச்ச ஆயுசு அவ்வளவுதான்னு நான் நம்பறேன். ஆனா அந்தக் கட்டில்ல நான் கூப்பிட்டப்ப அவரு திரும்பிப் பாத்துட்டுப் போனாரு பாரு, அது குறிச்சதா? எனக்குத் தெரியல. அத எங்க பள்ளிவாசல் ஹஸ்ரத்துகிட்டயும் கேட்டேன். உசிரக் காப்பாத்தறதுல இஸ்திகாரா இல்லம்மா, அது கடமை, கடமைய செய்யலாமா வேணாமான்னு கேக்கறதுக்கு எடமில்ல, அது உன் வீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கணும்னாரு.

குழந்தைக்குப் பேரு வைக்கணும்னாங்க, அடக்கறதுக்கு முன்னாடி. அவரு என்னையப் பாத்தாரு. நானே வச்சேன். என்ன பேருன்னு கேக்காத. சொன்னா இன்னைக்கு வேல ஓடாது.

அப்புறமும் கொஞ்ச நாள் இருந்தேம்மா அந்த வீட்டுல. உடனே எல்லாம் வந்துரல. அவரு எனக்குத் தல வாரி விட்டாரு, கஞ்சி வச்சுக் குடுத்தாரு. ஆனா தொழற பாய, அந்த முசல்லாவ விரிக்கிற சத்தம் கேட்டா எனக்குத் தையல் இருக்கிற எடம் அப்படியே இழுக்கும். தொழுகை மேலயே எனக்கு வெறுப்பு வந்துருமோன்னு பயந்துட்டேன். அதுக்குத்தான் வெளிய வந்தேன், வேற எதுக்கும் இல்ல. நானே கேட்டுப் பிரியறேன், குலா குடுத்துருங்கன்னு கேட்டேன். கல்யாணத்துல எனக்குக் குடுத்த மஹரத் திருப்பிக் குடுத்துர்றேன்னேன். அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? தொழுதுட்டுச் சொல்றேன்னாரு.

பாத்தியா, உனக்கே சிரிப்பு வருது. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே அழுதேன். அப்புறம் ஹஸ்ரத்துதான் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசி முடிச்சு வச்சாரு.

அவ்வளவுதாம்மா. அவரு கெட்டவரு இல்ல. பயந்தவரு. லிஃப்டு குழியில பயப்படாத ஆளு, நம்ம கூட ஒரு ரூம்ல நின்னு ஒரு வார்த்த சொல்லப் பயப்படுவாரு. இப்ப மாறியிருக்கலாம். மனுஷன் மாற மாட்டானா என்ன? கட்டிக்கிட்டா, முதல்ல அவரு கையில ஒரு சின்ன முடிவ விட்டுப் பாரு. நீ எடுக்காத. காத்திரு. ஆனா உசிரு விஷயம்னா மட்டும் காத்திருக்காத.

கிளம்பறியா? சரிம்மா. ரொம்ப நல்ல பொண்ணா இருக்க நீ. வந்து கேட்டதே பெரிய விஷயம். பை... பைய மறந்துட்ட பாரு.

இரு. ஒரு நிமிஷம்.

உன்னைய இப்படியே அனுப்பிட்டா அது சரியில்ல. என்கிட்ட கேட்டதோட நிறுத்திராத. அவரு கூட வேல பாக்கறவங்க இருக்காங்க, ஹஸ்ரத்து இருக்காரு, அவங்ககிட்டயும் கேளு. நான் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல, வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியம். ஆனா உனக்கு எச்சரிக்கையா இருக்கட்டும்னு சொன்னேனா, உன்னைய வெரட்டிரலாம்னு சொன்னேனான்னு எனக்கே வெளங்கலம்மா. நீ வாசல்ல வந்து நின்னதுலேருந்து அதையேதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு அவரு இங்க வந்தாரு. உள்ள வரல, வெளிய வாசல்லயே நின்னாரு. அன்னைக்குப் பயந்துட்டேன், பயத்துக்குத் தொழுகைன்னு பேரு வச்சுக்கிட்டேன், அந்தப் பாவத்துக்கு இன்னும் அழுதுக்கிட்டிருக்கேன்னாரு. முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன், திரும்ப நிக்காஹ் பண்ணிக்கலாமா, நீ மாட்டேன்னாலும் கேட்டது கேட்டதுதான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. உன்கிட்ட ஆள் அனுப்பினது அவங்க அக்கா. அவரு இங்க வந்தது அவங்களுக்குத் தெரியாது. குலாவுல பிரிஞ்சவங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்னா புது நிக்காஹ் பண்ணிக்கலாமாம். ஆமா, ஹஸ்ரத்துகிட்ட கேட்டுட்டேன்.

இல்ல, இன்னும் பதில் சொல்லல. இஸ்திகாரா துஆவுல ‘இந்தக் காரியம்’னு ஒரு எடம் வரும்ல, அங்க நம்ம விஷயத்த மனசுல சொல்லணும்ல? நீ இன்னைக்கு அந்த எடத்துல யாரச் சொல்லுவியோ, ஒரு வாரமா நானும் அவரத்தாம்மா சொல்லிக்கிட்டிருக்கேன்.