இருபத்து மூன்று சென்டிமீட்டர்

டீயில் எலுமிச்சைத் துண்டு போட்டுத் தந்ததற்கு நன்றி, மேஜர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த விசாரணையில் வெந்நீர்கூடக் கொடுக்கவில்லை.

உங்கள் வயது முப்பத்தைந்து இருக்குமா? சட்டம் படித்து நேராக ராணுவ வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்துவிட்டீர்கள். சிப்பாய்களின் ஒரு கம்பெனியை ஒரே ஒரு குளிர்காலமாவது நடத்தியிருக்கிறீர்களா? இல்லை. குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தீர்ப்பு எழுதிய எல்லோருமே அப்படித்தான். பத்திரிகைக்காரன் வார்சாவிலிருந்து எழுதினான். என் டிரைவர் செவெரினின் தாய் ஒரு தையல்காரி; அவளும் கடிதம் எழுதினாள். வெளியே நிற்கிறவர்களுக்கு எல்லாமே தெளிவாகத் தெரிகிறது.

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கட்டாயச் சேவைக்கு வந்தவன் முதல் ஆறு மாதம் 'பூனை'. கடைசி ஆறு மாதம் 'தாத்தா'. வீட்டுக்குப் போக நூற்றைம்பது நாள் இருக்கும்போது ஒவ்வொரு தாத்தாவும் ஒரு தையல்காரர் டேப் வாங்குவான். தினமும் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறிவான். கையில் மிஞ்சியிருக்கும் நீளம்தான் மிஞ்சியிருக்கும் நாள். தடை செய்யப்பட்ட பழக்கம். தடுத்த அதிகாரி யாரும் கிடையாது.

செவெரின் மட்லா என் லாரி டிரைவர். டேப்பை அவன் அம்மாவே அனுப்பியிருந்தாள். நல்ல டிரைவர், அதை நான் அன்றும் மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு திறமை இருந்தது. என்னைப் போலவே பேசுவான்.

பேச்சை ஆரம்பிக்கும்போது நான் "சுருக்கமாகச் சொல்கிறேன்" என்பேன். அது என் வழக்கம். ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தின் பின்வாசல் வழியாக வந்தவன், என் குரலை நானே கேட்டேன்.

"சுருக்கமா சொல்றேன் பசங்களா. எல்லாரும் உக்காருங்க. தாடி வளர்ற வரைக்கும் எந்திரிக்க முடியாது. டேய் பூனை, கேப்டன் முடிக்கிறதுக்குள்ள நீ தாத்தாவாயிடுவ, கவலைப்படாத."

பட்டாணி சூப்பு மூக்கில் ஏறும்வரை சிரித்தார்கள். சார்ஜென்ட் கோச்சிக்கும் சிரித்தார். நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன். ஒரு தளபதி அற்ப விஷயங்களைப் பெரிதாக்கக் கூடாது.

அற்பமாகவே இருந்திருக்கும். ஆனால் பிப்ரவரியில் படைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, மூன்றாவது முறையாக என் பதவி உயர்வு தள்ளிப்போனதைச் சொன்னார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "சுருக்கமா சொல்லுவீங்கன்னு கேள்விப்பட்டேன், கெம்பா" என்றார். அறையே சிரித்தது. ஒரு டிரைவரின் கேலி அத்தனை படிகளும் ஏறி அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. பதினெட்டு வருட உழைப்பு, மேஜர். எந்த விதிப்புத்தகத்திலும் இதற்குத் தண்டனை கிடையாது. தேடிப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் கடைசியில் பயிற்சி வந்தது. உறைந்த ஏரியைக் கடந்து அக்கரை சேர வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் படைத்தலைவர் அங்கே காத்திருப்பார். ஏரியைக் கடக்கலாம் என்று திட்டம் கொடுத்தவன் நான்தான். பிப்ரவரியில் ஐஸ் நாற்பது சென்டிமீட்டர் இருந்தது. சுற்றிப் போனால் பத்தொன்பது கிலோமீட்டர். போயிருக்கலாம். ஒரு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். ஒரு கேலி கூடியிருக்கும், அவ்வளவுதான்.

செவெரினை ஐஸை அளந்துவரச் சொன்னேன். கடப்பாரையோடு போனவனிடம் அளவுகோல் இல்லை. துளை போட்டான், படுத்தான், கையை விட்டு, சட்டைப் பையிலிருந்து தன் டேப்பை எடுத்து அளந்தான். திரும்பி வந்து விறைப்பாகச் சல்யூட் அடித்தான்.

"கேப்டன் சார், இந்த ஐஸ் தாத்தாவுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போகுது. எனக்கு இருபத்து மூணு பாக்கி. அதுக்குப் பதினாறுதான்."

லாரியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். "அப்போ அதுக்கு முதல்ல பீர் வாங்கிக் குடுடா" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

அன்றைய விசாரணையில் நான் சொன்னது இதுதான்: அது கேலியாகச் சொல்லப்பட்டது, ஆகவே அறிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. சாட்சிகளிடம், சொல்லும்போது அவன் சிரித்தானா என்று கேட்டார்கள். சிரித்தான் என்றார்கள். நீங்கள் சிரித்தீர்களா? சிரித்தோம். ஒரே நாளில் கோப்பை மூடிவிட்டார்கள். விபத்து.

நீங்கள்தான் அவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்டீர்கள். லாரியின் பின்பகுதியில் ஏன் யாரும் இல்லை? நல்ல கேள்வி. உள்ளே இருந்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நான்தான் இறக்கினேன். சிரிப்பு அடங்கியதும், இருபத்திரண்டு பேரையும் இறங்கி, கரையோரமாக நடந்து வரச் சொன்னேன். பெட்டிகளையும் இறக்கினோம். காலி லாரிக்கே முப்பது சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். பிறகு டிரைவர் பக்கத்து இருக்கையிலிருந்து என் வரைபடப் பையையும் எடுத்துக்கொண்டேன். பதினாறு என்று அவன் சொன்ன அந்த நொடியிலேயே அது பதினாறுதான் என்று நம்பினேன். இரண்டு வருடத்தில் அவன் வண்டி விஷயத்தில் ஒரு தப்புக் கணக்குச் சொன்னதில்லை.

கோச்சிக் என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"சார், பையன் வெளையாடல. அவன் பேச்சே அப்படி. அளவு நெசம்."

"தெரியும், சார்ஜென்ட். நீங்க ஆட்களோட நடங்க."

அவர் நடந்தார். பிறகு பன்னிரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஏன் திறந்தார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஈரலில் புற்றுநோய் என்று கேள்வி.

நான் செவெரினின் கதவருகே போய், "நேராக ஓட்டு. கதவைச் சாத்திக்கொள், குளிரும்" என்றேன். ஐஸ் மேல் ஓட்டும்போது கதவைத் திறந்து வைத்தால், உடைந்தாலும் குதித்துவிடலாம் என்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். அவன் கை கைப்பிடியில் இருந்தது. என்னைப் பார்த்தான். முகத்தில் கேலி இல்லை.

"சார், அம்மா..." என்று தொடங்கினான்.

"சுருக்கமா சொல்லு" என்றேன்.

அவன் கதவைச் சாத்தினான். கரையிலிருந்து எண்பது மீட்டர் போனான்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மோசமான தளபதி என்று மட்டும் எழுதாதீர்கள், மேஜர். ஐஸ் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். இருந்தும் ஒரு வார்த்தை பேசாமல் கியரைப் போட்டான். மரியாதை இல்லாத ஒருவனுக்காக யாராவது அப்படிச் செய்வார்களா?