உள்ளே வைத்து அடைத்த வீடு

மாலை ஏழு மணி. கல்சுரங்கத்திலிருந்து ஊருக்கு வரும் மண்சாலை… இரண்டு பக்கமும் கரும்பு. எங்கும் மின்வெட்டு. இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இதே மாதிரி இருட்டு. என் தோழி டயாமியின் அண்ணன் ரெய்னியர் தனியாக சைக்கிளில் வந்துகொண்டிருந்தான்.

பக்கத்தில் யாரோ நடந்து வந்தார்கள். சரக்… சரக்… சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம். அவன் வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாக. அவன் நின்றால் அதுவும் நின்றது. அப்புறம் வாடை வந்தது. மலிவான ரம், அதோடு நனைந்த கல்தூள்.

அந்த வாடை யாருடையது என்று அவனுக்குத் தெரியும். ஒவிடியோ. ரெய்னியரின் மனைவி மர்லேனிஸுக்கு முதல் புருஷன். குடித்துவிட்டு வந்து அவளை அடித்தே பாதி உயிரை எடுத்த சண்டாளன். ஒரு தடவை நாற்காலியால் அடித்துக் கையை முறித்தான். அவள் ரெய்னியரோடு வந்துவிட்ட அன்று தெருவில் நின்று கத்தினான்: "எத்தனை பூட்டு வேணா போடுடி! நான் உள்ள வருவேன்!" அடுத்த மழைக்காலத்தில் சுரங்கத்தில் கல் நொறுக்கும் இயந்திரத்துக்குள் விழுந்தான். வாரி எடுத்ததைச் சாக்கில் கட்டித்தான் புதைத்தார்கள்.

"சாக்குல போனவன் பூட்ஸ் எப்படிப் போட்டான்?" என்று இருட்டில் நம் யூனியர் குறுக்கே கேட்டான்.

"வாயை மூடு யூனியர். பயம் வந்தா உனக்கு இந்த நக்கல்தான் வரும்."

அன்று ராத்திரி கதவு, ஜன்னல் எல்லாம் தாழ் போட்டிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த மர்லேனிஸை ஏதோ முடியைப் பிடித்து இழுத்து… தொம்… தொம்… தரையில் மோதியது. ரெய்னியர் தட்டுத் தடுமாறி விளக்கை ஏற்றுவதற்குள் அவள் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அறையில் யாருமில்லை. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

ரெய்னியருக்குத் தொழில் புத்தி. சுரங்கத்து ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்கும் நம் வேலைதான். நம் ஆராய்ச்சிக்கூடத்து வேலை நம் டிரைவர் எலாடியோவைத் தவிர எல்லோருக்கும் தெரியும், அவருக்காகச் சொல்கிறேன். ஜியோலைட் வெளியே பார்க்கக் கல். உள்ளே முழுக்கக் குட்டிக் குட்டி அறைகள். எந்த மூலக்கூறு எந்த அறையில் போய் ஒட்டும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்போம். கணினிக்கு வாசல் தெரியாது. மூலக்கூறை நேராக அறைக்குள் தூக்கிப் போடும், இடமிருந்தால் ஏற்றுக்கொள்ளும். சில அறைகளின் வாசல் ரொம்பச் சின்னது, நிஜத்தில் எதுவும் நுழையாது. அந்த அறைகளை நாம்தான் அடைத்துவைக்க வேண்டும்.

வீட்டையும் அவன் அப்படியே அடைத்தான். கியூபாவில் புயல் பலகை இல்லாத வீடு ஏது? விடிந்ததும் ஒரு ஓட்டை விடாமல் பலகை வைத்து ஆணி அறைந்தான்.

"என்னை உள்ள வச்சு அடைக்காத ரெய்னியர். நான் டயாமி வீட்டுக்குப் போயிடறேன்," என்று அழுதாள் மர்லேனிஸ்.

"வழியில பிடிச்சுடுவான்டி. ஓட்டையே இல்லேன்னா எப்படி வருவான்? சாயங்காலம் நானே வந்து திறக்கறேன்."

அவள்மேல் அவனுக்கு உயிர். அதனால்தான் வாசல் கதவுக்கும் வெளியிலிருந்து ஆணி அறைந்துவிட்டு வேலைக்குப் போனான்.

மதியம் திரையைப் பார்த்துக்கொண்டு மண்டையைச் சொறிந்தான். பக்கத்து மேசை சொரைடா எட்டிப் பார்த்தாள். பொல்லாத வாய் அவளுக்கு.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"சின்ன அறையெல்லாம் அடைச்சுட்டேன் அக்கா. ஆனா ஒரு அறைக்குள்ள ஒரு மூலக்கூறு இருக்கு."

"முதல்லேர்ந்து ஓட்டினியா, பழைய ஓட்டத்தையே தொடர்ந்தியா?"

"தொடர்ந்தேன்."

"பெரிய மேதாவி! நீ அடைக்கறதுக்கு முன்னாடியே அது உள்ள வந்தாச்சு. இப்ப அடைச்சா அது எப்படி வெளிய போகும்? உள்ளயே கிடந்து மோதிக்கிட்டு இருக்கும்."

ரெய்னியர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. ஐயோ, அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை என்பாள் சொரைடா. சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

தெருவே அவன் வீட்டு முன்னால் நின்றது. உள்ளே… தொம்… தொம்… தொம். காலையிலிருந்து இந்தச் சத்தம்தானாம். பலகையைப் பெயர்க்கப் பார்த்தார்களாம், ஆணி அசையவில்லையாம். அவள் கத்தியது நின்று வெகுநேரமாகிவிட்டதாம்.

கடப்பாரையால் கதவைப் பிளந்தான். மேசை தூள் தூள். சுவரெல்லாம் கறுப்பு பீன்ஸும் ரத்தமும். குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி… மர்லேனிஸ் அதற்குள் இருந்தாள். அதில் ஒரு ஆளைத் திணிக்க வேண்டுமென்றால் எலும்பை உடைத்துத்தான் திணிக்க வேண்டும். உடைத்திருந்தது.

ரெய்னியர் உள்ளே கால் வைத்ததும் சத்தம் நின்றது. வெளியே எதுவும் போகவில்லை, வாசலில் நின்றவர்கள் இன்றும் சத்தியம் செய்கிறார்கள்.

அவள் பிழைத்துவிட்டாள். இப்போது கோல் ஊன்றி நடக்கிறாள். அந்த வீட்டில் கதவு, ஜன்னல் எதையும் மூடுவதில்லை. ராத்திரி சத்தமும் இல்லை. ஆனால் காலையில் அவள் கழுத்தில் புதிதாக விரல் பதிந்திருக்குமாம். யார் கேட்டாலும் காலரை இழுத்து மூடிக்கொள்வாளாம்.

போன ஞாயிற்றுக்கிழமை டயாமி அங்கே சாப்பிடப் போனாள். மர்லேனிஸ் குனிந்த தலை நிமிரவில்லை. டயாமியும் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். செத்துப்போன ஒவிடியோ இடதுகைக்காரன், ஊருக்கே தெரியும். "எங்கண்ணன் பொறந்ததுலேர்ந்து வலதுகைக்காரன்டி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கு ரெய்னியர் இடது கையில் கரண்டியைப் பிடித்து, நிதானமாக, சிந்தாமல் சாப்பிட்டானாம்.